ஒலிக்கருவியும் வெளிக்கட்டளையும்: கண்டிப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர், ஒரு கருவி எப்பொழுது ஆக்கப்பட்டது, எவரால் ஆக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கே பெரிதும் முதன்மை அளித்து வந்துள்ளனர். அக்கருவிக்கு ஆணையிடுபவர் எவர் என்ற வினா அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இசைக்கருவிகளைப் பொறுத்தவரை இவ்வினா தனிமுக்கியத்துவம் பெறுகின்றது. பண்டைக்காலத்தில் வாசிக்கும் கையும் வாசிக்கத் தீர்மானிக்கும் மனமும் ஓர் உடலிலேயே இருந்தன. பின்னர் இவை படிப்படியாகப் பிரிந்தன. இன்று கணனித் திரையில் திறந்து கிடக்கும் இசைப்பானை, அதனோடு எத்தொடர்புமற்ற வேறொரு செய்நிரல் வெளியிலிருந்து இயக்குகின்றது. பாடலைத் தொடங்குவதும், நிறுத்துவதும், ஒலியைத் தாழ்த்துவதும், அடுத்த பாடலுக்கு மாற்றுவதும் மனித விரல் படாமலே நிகழ்கின்றன. இந்நிலை ஒருநாளில் தோன்றியதன்று. அதன் படிமுறைகளை, நாம் வாழும் கண்டி மாநகரையும் அதன் சூழலையும் முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறையும் முரசும்

கண்டித் தலதா மாளிகையில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூவேளையும் வழிபாடு நிகழும்போது ஹேவிசி மேளம் முழங்குவதை யாவரும் அறிவர். தவுல், தம்மெட்டம், ஹொரணை ஆகிய கருவிகளை வாசிப்போர் தாம் விரும்பிய வேளையில் வாசிப்பவரல்லர். எந்த வேளையில் எவர் வாசிக்க வேண்டும் என்பது மரபுவழி வந்த முறைவரிசையால் தீர்மானிக்கப்பட்டது. கண்டி மன்னர் காலத்தில் இச்சேவை நிலவுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. கோயிற் காணியை அனுபவித்த குடும்பம், அதற்கு ஈடாகத் தனக்குரிய முறை வந்தபோது மேளத்தோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின் வழி 1832இல் இராசகாரியமுறை ஒழிக்கப்பட்டபோதிலும், விகாரைக் காணிகளையும் தேவாலயக் காணிகளையும் சார்ந்த சேவைகள் தொடர்ந்தன. 1870ஆம் ஆண்டின் சேவையுரிமைக் கட்டளைச் சட்டம் அச்சேவைகளைப் பணமாக மாற்றிக்கொள்ள வழி வகுத்தது. மேளம் கொட்டுபவரின் கலை அவருடையது. மேளம் கொட்டும் நேரமோ அவருக்கு வெளியே, முறைவரிசையில் இருந்தது. இசைப்பவனையும் இசைக்கும் நேரத்தையும் வேறாக்கிய மிகப் பழைய ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்றெனக் கொள்ளலாம்.

மலைநாட்டுத் தோட்டங்களில் இதற்கு வேறொரு வடிவம் வாய்த்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்திலிருந்து வளர்ந்த தோட்ட வாழ்வில், விடியற்காலைத் தப்போசையே நாளின் முதற் கட்டளையாக ஒலித்தது. தப்பு முழங்கியதும் இலயத்தில் விளக்கெரியும், பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர், கணக்கெடுப்பு நடக்கும், மலைக்குப் போகும் வேலை பகிர்ந்தளிக்கப்படும். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் ஆக்கத்தில் இவ்விடியற்கால முரசு இடம்பெறுவது தற்செயலானதன்று. தப்பு, அதனை அடித்தவரின் முன்னோர் தமிழகத்திலிருந்து உடன்கொண்டு வந்த கலை. சாவிலும் திருவிழாவிலும் அதே கைகள் அதனை வாசித்தபோது அது அவர்களுடைய இசையாக இருந்தது. விடியற்காலையில் துரையின் கடிகாரத்திற்கு ஏற்ப ஒலித்தபோதோ அது அவர்களை எழுப்பும் கருவியாயிற்று. ஒரே கருவி, ஒரே கை. கட்டளையின் ஊற்று மாறியதும் இசையின் பொருளும் மாறிவிட்டது. இக்கட்டுரை முழுவதிலும் நாம் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவேயாகும்.

உருளையும் துளைத்தாளும்

இசைப்பவன் இன்றியே இசைக்கும் கருவியைப் பற்றிய எண்ணம் பழமையானது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த பனூ மூசா சகோதரர், தானே இசைக்கும் நீரியக்கக் கருவியொன்றைப் பற்றி எழுதிவைத்தனர். சுழலும் உருளையொன்றின்மேல் அமைந்த முளைகள் துளைகளைத் திறந்து மூடக் குழலிசை எழும். முளைகளின் இடத்தை மாற்றினால் இசையும் மாறும். கருவி வேறு, கருவிக்குரிய கட்டளைக்கோவை வேறு என்ற பகுப்பு இங்கே தெளிவாகத் தோன்றிவிடுகின்றது. கட்டளையை எழுதி வைக்கலாம்; எழுதியதை மாற்றலாம்; எழுதியவர் அவ்விடத்தில் இல்லாவிடினும் கருவி இயங்கும்.

பிரான்சில் ஜக்கார் என்பார் 1804ஆம் ஆண்டளவில் தறியைத் துளையட்டைகளால் இயங்கச் செய்தமையும், அந்நூற்றாண்டின் இறுதியில் துளைத்தாட் சுருள்களால் இயங்கும் பியானோக்கள் ஐக்கிய அமெரிக்காவில் பரவியமையும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சிகளே. எட்வின் வோற்றே அமைத்த 'பியானோலா' இவ்வகையிற் புகழ்பெற்றது. அது முதலில் பியானோவின் உள்ளே அமைக்கப்படவில்லை. தனிப்பெட்டியாகப் பியானோவின் முன்னே தள்ளி வைக்கப்பட்டு, தன் விரல்களால் அதன் கட்டைகளை அழுத்தியது. பியானோவைச் செய்தவர் இதனை எதிர்பார்த்துச் செய்யவில்லை. மனிதனுக்கெனச் செய்யப்பட்ட கட்டைகளையே பொறியும் அழுத்திற்று. நூறாண்டுகளின் பின் கணனித் துறையில் நிகழ்ந்ததும் இதுவேயாதலின், பியானோலாவை நினைவில் இருத்துதல் நன்று.

ஒலிபரப்புக் கூடத்தில்

1877இல் எடிசன் ஒலியைப் பதிவுசெய்து காட்டிய பின்னர், கட்டளைக்கோவையை மட்டுமன்றி ஒலியையே சேமித்து வைக்க முடிந்தது. இலங்கையில் 1925 டிசெம்பர் 16இல் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மவுன்ற்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் 1944 ஏப்பிரலில் கண்டிக்கு இடம்பெயர்ந்து, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலும் நிலைகொண்டது. அக்கட்டளையகத்தின் படையினருக்கென எழுந்த 'றேடியோ சீக்' நிலையத்தின் எக்கல ஒலிபரப்பி 100 கிலோவாற்று வலுவுடையது. அது பின்னர் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. 1950 செப்ரெம்பர் 30இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்தும் கேட்கப்பட்டமைக்கு இவ்வொலிபரப்பியும் ஒரு காரணமாகும். கண்டியிற் கூடியிருந்த படைத்தலைமையின் தேவை, மறைமுகமாகத் தமிழ்த் திரையிசையைத் தமிழகத்தின் வீடுகளுக்குக் கொண்டுசென்றது எனல் மிகையாகாது.

அக்காலத்து ஒலிபரப்புக் கூடத்தில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள் இருக்கும். ஒன்றில் பாடல் ஒலிக்கையில் மற்றதில் அடுத்த தட்டு வைக்கப்பட்டு, ஊசி தொடக்கவரியில் நிறுத்தப்பட்டிருக்கும். பாடல் முடியும் தறுவாயை அறிந்து, அறிவிப்பாளர் பேச்சை முடிக்கவும் அடுத்த தட்டு சுழலவும் வேண்டும். எஸ். பி. மயில்வாகனன் போன்றோரின் அறிவிப்புக்கு இருந்த கவர்ச்சியில் இவ்விணைப்பின் நயமும் அடங்கும். ஒரு கணம் பிந்தினால் மௌனம். ஒரு கணம் முந்தினால் பாடலின் கழுத்து நெரிபடும்.

இதே வேலையைப் பொறியிடம் ஒப்படைக்கும் முயற்சி 1950களின் பிற்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்க நிலையங்களில் வளர்ந்தது. ஒலிநாடாவில் பாடல் முடியும் இடத்தில் செக்கனுக்கு 25 அதிர்வுடைய மிகத் தாழ்ந்த ஒலியொன்று பதியப்படும். கேட்பவரின் காதில் அது படாது. பொறி அதனை உணர்ந்து அடுத்த நாடாவைத் தொடக்கும். 'முடிந்தது' என்று இசைக்கருவி சொல்ல, 'அடுத்தது' என்று பொறி சொல்லும் உரையாடல் இவ்வாறு ஆரம்பமாயிற்று.

கணனியின் இசைப்பான்

கணனியில் ஒலியைக் கையாளும் பொதுக்கட்டளை முறையொன்றை மைக்ரோசொப்ட் நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து வகுத்தன. 1991இல் விண்டோஸ் 3.0க்கான பல்லூடக விரிவுடன் அது வெளிவந்தது. திற, இயக்கு, நிறுத்து, மூடு என்னும் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்றொடர்களைச் செய்நிரல் அனுப்பினால், கணனி ஒலிக்கோப்பை இசைக்கும். எனினும் இங்கு தனி இசைப்பான் இல்லை. செய்நிரல் தானே இசைக்கின்றது.

1997இல் ஜஸ்டின் பிராங்கெல் என்ற இளைஞர் வெளியிட்ட 'வினாம்ப்' இசைப்பான் உலகெங்கும் பரவியபோது நிலைமை மாறிற்று. விண்டோஸ் முறையில் ஒவ்வொரு சாளரமும் செய்திகளைப் பெற்று இயங்குவது. பொத்தானைச் சுட்டியால் அழுத்தினால் அச்சாளரத்திற்கு ஓர் எண் செய்தியாகச் செல்லும். வினாம்பில் முந்திய பாடலுக்கு 40044, இசைக்க 40045, இடைநிறுத்த 40046, நிறுத்த 40047, அடுத்த பாடலுக்கு 40048 என்பன அவ்வெண்கள். வெளியிலுள்ள செய்நிரல், வினாம்பின் சாளரத்தை அதன் வகைப்பெயரால் தேடிக் கண்டுபிடித்து அதே எண்ணை அனுப்பினால், மனிதன் அழுத்தியதற்கும் செய்நிரல் அழுத்தியதற்கும் இசைப்பானால் வேறுபாடு காண முடியாது. பியானோவின் முன் தள்ளிவைக்கப்பட்ட வோற்றேயின் பெட்டி இங்கே மறுபிறவி எடுத்தது.

இம்முறையின் குறைபாடு வினவுதலில் வெளிப்பட்டது. பாடல் முடிந்ததா என்பதை வினாம்ப் தானாக அறிவிக்காது. செய்நிரல் குறித்த இடைவெளியில் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும். 1 எனப் பதில் வந்தால் இசைக்கின்றது, 3 எனின் இடைநிறுத்தப்பட்டுள்ளது, 0 எனின் நின்றுவிட்டது. அடிக்கடி கேட்டால் கணனிக்குச் சுமை. அரிதாகக் கேட்டால் பாடல்களிடையே மௌனம்.

இதற்கு மாற்றாக அமைந்ததே பொருள்வழி இயக்கம். 1993இல் வெளிவந்த 'ஓ.எல்.ஈ. 2' முதலாக மைக்ரோசொப்ட் வளர்த்த இம்முறையில், ஒரு செயலி தன் ஆற்றல்களைப் பெயரிட்டு வெளியே வைக்கும். பிற செய்நிரல்கள் அப்பெயர்களால் அதனை அழைக்கும். அதே 1993இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'அப்பிள்ஸ்கிரிப்ற்' மொழியும் இந்நோக்குடையதே. விண்டோஸ் மீடியா பிளேயர், ஐரியூன்ஸ் முதலியன இவ்வாறு திறந்துவைக்கப்பட்டன. இங்கு இசைப்பானும் பேசும். நிலை மாறும்போதெல்லாம் அது செய்நிரலுக்கு அறிவிக்கும். மீடியா பிளேயரில் 8 என்ற எண் பாடல் முடிவைக் குறிக்கும். ஆயினும் அறிவிப்பைக் கேட்ட அக்கணத்திலேயே, அறிவிப்பு முடிவதற்குமுன், அடுத்த பாடலை இசைக்குமாறு ஆணையிட்டால் எதிர்பாராத விளைவுகள் நேரும் என அதனை ஆக்கியோரே எச்சரித்துள்ளனர். இசைப்பான் தன் பழைய வேலையை இன்னும் முடித்திராமையே காரணம். ஆகவே தேர்ந்த நிரலாளர் அறிவிப்பைக் குறித்துக்கொண்டு, சிறுபொழுது தாழ்த்தியே ஆணையிடுவர். பேசுபவர் பேசி முடிக்கும்வரை பொறுத்தல் இயந்திரங்களுக்கும் வேண்டிய பண்பாயிற்று.

பாரிஸ் நகரின் எக்கோல் சந்திரால் மாணவர் 1996இல் தொடங்கிய முயற்சியின் பயனான 'வி.எல்.சி.' இசைப்பான் 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. வலையமைப்பின் ஊடாகவும் கட்டளை ஏற்கும் வாயில்கள் அதற்கு உண்டு. இதனால் ஆணையிடும் கணனி ஓரிடத்திலும் இசைக்கும் கணனி வேறிடத்திலும் இருத்தல் கூடுவதாயிற்று.

பெயரும் பொழுதும்

இத்தொழினுட்பம் நம் மொழியையும் நம் இடத்தையும் சந்தித்தபோது எழுந்த இரு சிக்கல்கள் குறிப்பிடத்தக்கன. முதலாவது பெயர் பற்றியது. ஒருங்குறி நியமத்தின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் வினாம்பின் ஆரம்பப் பதிப்புகள் கோப்புப் பெயரை ஓரெழுத்துக்கு ஓர் எண்தொகுதி என்னும் பழைய முறையில் ஏற்றன. ஒருங்குறித் தமிழில் பெயரிட்ட பாடல் அவ்வழியிற் சென்றால் கேள்விக்குறிகளாக மாறும். மாறிய பெயரில் எக்கோப்பும் இல்லாமையால் பாடல் ஒலியாது. பொருள்வழி இயக்கத்தின் சொற்றொடர்கள் ஒருங்குறியில் அமைந்திருந்தமையால், அங்கு தமிழ்ப் பெயரைத் தமிழாகவே அனுப்ப முடிந்தது. வினாம்பின் பிந்திய பதிப்புகளும் இவ்வசதியைப் பெற்றன. இடைப்பட்ட காலத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் ஆங்கில எழுத்துப் பெயர்களில் சேமிக்கப்பட்டன. பெயர் தமிழில் இல்லாத பாடலைத் தமிழிற் தேடுபவர் காணமாட்டார். தொழினுட்ப வசதிக்காகச் செய்யப்படும் சிறு விட்டுக்கொடுப்பு, சேகரிப்பின் எதிர்காலத்தையே பாதிக்க வல்லது என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாவது பொழுது பற்றியது. மாலைப் பூசைவேளையில் பக்திப் பாடலை ஒலிக்கவிடும் செய்நிரல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கண்டியில் ஞாயிறு மறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாலை 5.45க்கும் 6.30க்கும் இடையே அசைகின்றது. நிலைத்த ஒரு நேரத்தைக் குறித்து வைத்தால் கார்த்திகையில் இருள் சூழ்ந்த பின்னும், ஆடியில் வெயில் மறையுமுன்னும் பாடல் ஒலிக்கும். அன்றியும் இலங்கையின் நியம நேரம் 1996 மே மாதத்தில் ஒரு மணி நேரமும் முன்தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரைமணி குறைக்கப்பட்டு, 2006 ஏப்பிரலில் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. மணிக்கூடு மாறிற்று, ஞாயிறு மாறவில்லை. தலதா மாளிகையின் மேளகாரரும் கோயிற் குருக்களும் வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளக் கூடியதை, செய்நிரலுக்கு அகலாங்கும் நெட்டாங்கும் கொடுத்துக் கணக்கிடக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கலாம் என்பது உண்மை. கற்பிக்க வேண்டும் என்று உணர்பவர் வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை.

கொத்மலை காட்டிய வழி

கண்டிக்குத் தெற்கே, கம்பளைக்கு அண்மையில் அமைந்த கொத்மலைச் சமுதாய வானொலி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்கென 1981இல் தோன்றிய மகாவலிச் சமுதாய வானொலி முயற்சியின் வழி, இந்நிலையம் 1989இல் தொடங்கப்பட்டது. யுனெஸ்கோவின் துணையுடன் 1990களின் இறுதியில் இங்கு இணைய இணைப்புத் தரப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்கள் இணையத்தைப் பயன்படுத்த வாய்ப்பேற்பட்டது. இங்கு உருவான நிகழ்ச்சிமுறை உலகெங்கும் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது. நேயர் ஐயங்களை எழுதி அனுப்புவர். நிகழ்ச்சி நடத்துவோர் துறையறிந்தோரைப் பக்கத்தில் இருத்தி, ஒலிபரப்பு நடக்கையிலேயே இணையத்தில் விடை தேடிக் கேட்போரின் மொழியில் விளக்குவர்.

கணனி வந்த அக்காலத்தில், அதனைக் கொண்டு பாடல்களை வரிசையாக ஓடவிட்டுக் கூடத்தைப் பூட்டிச் செல்வதும் ஒரு வழியே. கொத்மலையார் கணனியை நேயரின் வினாவுக்கு விடை தேடும் பணியில் அமர்த்தினர். கட்டளையின் ஊற்று இங்கே மீண்டும் கிராமத்து மக்களிடம் வந்தது: ஒரு கமக்காரனின் கடிதம் அன்றைய ஒலிபரப்பின் போக்கைத் தீர்மானித்தது. பெரட்டுக்களத் தப்போசையோடு இதனை ஒப்புநோக்கின் வரலாறு சென்ற தூரம் விளங்கும்.

முடிவுரை

இன்று தமிழகத்திலும் இலங்கையிலும் பல சிறு கோயில்களில் மின்மேளம் ஒலிக்கின்றது. மின்மோட்டர் சுழல, கோல்கள் தோலில் அடிக்க, மணி தானே அசையும். அமைப்பில் அது பனூ மூசாவின் உருளைக்கு மிக அண்மையது. மாற்ற முடியாத ஒரே தாளத்தையே அது அறியும். தவிலும் நாதசுரமும் வாசித்த குடும்பங்களின் கூலி அந்தப் பெட்டியால் மிச்சப்படுத்தப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வருவாய் குன்றிய கோயிலின் இயலாமையும் உண்மையே. ஆனால் பூசை நீண்டால் நீளவும், தீபாராதனையின்போது விரையவும், கூட்டத்தின் உணர்வறிந்து கனியவும் அப்பெட்டிக்குத் தெரியாது. அதற்குக் கட்டளையிடுபவர் இல்லை. ஆளி மட்டுமே உண்டு.

மீண்டும் மீண்டும் செய்யப்படும் வேலையைச் செய்நிரலிடம் விடுவதால் மனிதனுக்கு ஓய்வு கிட்டும். நள்ளிரவில் தட்டு மாற்ற ஒருவர் விழித்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் ஒலிநாடாக்களை எண்ணியல் வடிவிற்கு மாற்றும் சேகரிப்பாளர் ஒவ்வொன்றையும் கையால் தொடங்கி முடிக்க வேண்டியதில்லை. நம் மலையகத்து முதியோரின் பாடல்கள் ஒலிநாடாக்களில் நைந்து வரும் இக்காலத்தில், இவ்வுதவி சிறிதன்று. அவற்றை வரிசைப்படுத்தி, தமிழிலே பெயரிட்டு, கேட்போருக்கு எட்டச் செய்யும் செய்நிரல்களை எழுதும் ஆற்றல் நம் மாணவரிடம் உண்டு. பொறியியற்பீடத்தாரும் தமிழ்த்துறையாரும் ஒரே மேசையில் அமர்ந்தாற் கூடும் பணி அது.

ஆயின் எந்தப் பாடல், எவருக்காக, எப்பொழுது என்னும் தீர்மானத்தைப் பொறியிடம் விட்டுவிட்டால், அத்தீர்மானம் பொறியினுடையது ஆகிவிடுவதில்லை. நாம் காணாத வேறெவரோ ஒருவருடையது ஆகின்றது. விடியற்காலைத் தப்பை அடித்தவர் அதனை நன்கறிந்திருந்தார். இசைக்கும் கையை இயந்திரத்திற்குக் கொடுக்கலாம். முறைவரிசையை எழுதும் கை நம்முடையதாகவே இருத்தல் வேண்டும்.